மெனோபாஸ் காலத்தில் இருக்கும் ஊழியருக்கு எப்படித் துணை நிற்பது: புதிய மேலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல்முறையாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்பவருக்கு டார்கெட் போடுவது, லீவு அனுமதிப்பது, ஆண்டு மதிப்பீடு எழுதுவது எல்லாவற்றுக்கும் பயிற்சி கிடைத்துவிடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இருக்கும் ஊழியருக்கு என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் குழுவில் 45 முதல் 55 வயதுக்குள் சில பெண்கள் இருந்தால், அவர்களில் ஒருவராவது இப்போது அதன் நடுவில் இருக்க வாய்ப்பு அதிகம். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

பல நிறுவனங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, "பிரச்சினை இருந்தால் தயங்காமல் வந்து பேசுங்கள்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. பேசுவதுதான் இதில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. வயதாகிவிட்டது என்று முத்திரை விழுமோ, அடுத்த பதவி உயர்வில் பெயர் விடுபடுமோ, நாளைக்கு இடைவேளையில் இதுவே பேச்சாகுமோ என்று ஆயிரம் யோசனை வரும். அதனால் இங்கே வரிசையை மாற்றியிருக்கிறேன். யாரும் வாயே திறக்காமல் கிடைக்க வேண்டிய வசதிகள் முதலில். பேச்சு அதற்கு அப்புறம்.

1. முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அது நின்றுவிட்டதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது 45 வயதிலிருந்து 55க்குள் நடக்கும். ஆனால் தொந்தரவு தொடங்குவது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே. பெரிமெனோபாஸ் எனப்படும் அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், தனக்கு நடப்பது என்னவென்று அந்தப் பெண்ணுக்கே பல சமயம் பிடிபடாது. தூக்கமின்மைக்கு ஒரு மருத்துவர், படபடப்புக்கு இன்னொருவர், மூட்டு வலிக்கு வேறொருவர் என்று அலைந்துகொண்டிருப்பார்.

வயதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சிலருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பைகளின் இயக்கம் குறைந்துவிடுகிறது. அறுவை சிகிச்சையில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ். உடல் மெல்லப் பழகிக்கொள்ள அவகாசம் இல்லாததால் அறிகுறிகள் கடுமையாக இருக்கும். கீமோதெரபியாலும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் சில ஹார்மோன் தடுப்பு மருந்துகளாலும் இதே நிலை வரலாம். முப்பது வயது ஊழியருக்கும் இது நேரலாம், திருநம்பி ஒருவருக்கும் நேரலாம்.

அறிகுறிகளில் எல்லாருக்கும் தெரிந்தது திடீர் வெப்ப அலை. உடலின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்வது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அது பொறுத்துக்கொள்ளும் வெப்ப வரம்பு குறுகிவிடுகிறது. உடல் சூடு இம்மியளவு ஏறினாலே போதும், தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, வியர்க்க வைத்து, சூட்டை வெளியேற்றப் பார்க்கும். முகமும் கழுத்தும் தகிக்கும், சட்டை நனையும், சில நிமிடத்தில் அடங்கும், பின்னாலேயே குளிர் எடுக்கும். இதுவே இரவில் வந்தால் தூக்கம் போச்சு. ஏதோ சில மாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி வெப்ப அலை வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் இடைநிலை 7.4 ஆண்டு, அதாவது பாதிப் பேருக்கு அதைவிட அதிக காலம்.

வெளியே தெரியாதவைதான் வேலையை அதிகம் பாதிக்கின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த பெயர் நாக்கில் வராமல் நிற்பது, காரணமில்லாத பதற்றம், நெஞ்சுப் படபடப்பு, மூட்டு வலி, தலைவலி, அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய நிலை. அப்புறம், அதிகம் பேசப்படாத ஒன்று: பெரிமெனோபாஸில் சிலருக்கு ரத்தப்போக்கு முன்னறிவிப்பில்லாமல், மிக அதிகமாக வரும். ஒரு மணி நேர மீட்டிங் முழுக்க எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கு என்ன மாதிரியான பயம் என்பதை இதை அனுபவிக்காதவர்கள் யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், இந்தக் காலத்தை எந்தத் தொந்தரவும் இல்லாமல் கடந்துவிடும் பெண்களும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி என்று எடுத்துக்கொள்வதும் தவறுதான்.

இவ்வளவு தெரிந்தால் போதும். நீங்கள் மருத்துவர் ஆக வேண்டியதில்லை, ஆகவும் கூடாது. தைராய்டு கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைக் காட்டும். எது எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை.

2. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள்

ஒரு வேலை நாளில், எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கும்போது, ஒரு நோட்டுடன் சுற்றி வாருங்கள். யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். நீங்களே இந்த அறிகுறிகளோடு அங்கே எட்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாருங்கள்.

வெப்பத்தில் தொடங்கலாம். ஏ.சி. கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது? ஜன்னல் திறக்குமா? மேசைக்கு ஒரு சிறு ஃபேன் கேட்டால் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும்? குளிர்பதனம் இல்லாத பட்டறை, சமையற்கூடம், சலவைக்கூடம் என்றால் காற்றோட்டமும், ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்க ஒரு குளிர்ந்த இடமும் முக்கியம். குடிதண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஃபேன்களை "மெனோபாஸ் ஃபேன்" என்று பெயரிட்டு வழங்காதீர்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தால் போதும், யார் எடுக்கிறார் என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

யூனிஃபார்ம் இருக்கிற இடங்களில் துணியைத் தொட்டுப் பாருங்கள். பாலியெஸ்டர் சட்டை, மேலே கோட்டு, கழுத்துவரை பட்டன் என்று இருந்தால் வெப்ப அலை வரும்போது தப்பிக்க வழியே இல்லை. பருத்தி கலந்த துணி, கழற்றக்கூடிய மேலடுக்கு, நனைந்தால் மாற்றிக்கொள்ள ஒரு செட் கூடுதலாக, கால்சட்டையில் அடர் நிறம் ஆகியவற்றைக் கொள்முதல் துறை அடுத்த ஆர்டரிலேயே சேர்த்துவிட முடியும். பாதுகாப்புக் கவச உடை கட்டாயமான வேலை என்றால் உடையை மாற்ற முடியாது. அங்கே இடைவேளைகளைத்தான் கூட்ட வேண்டும்.

கழிவறைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். இருக்கிறதா என்பதைவிட, தேவைப்படும் நிமிடத்தில் போக முடியுமா என்பதுதான் கேள்வி. கால் சென்டரில் இடைவேளை நொடிக்கணக்கில் பதிவாகும். உற்பத்தி வரிசையில் ஒருவர் நகர்ந்தால் அடுத்தவர் கை நிற்கும். வகுப்பறையில் ஆசிரியர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக முடியாது. பேருந்து ஓட்டுநர் நடுவழியில் இறங்க முடியாது. இப்படிப்பட்ட இடங்களில் "போய்க்கொள்ளலாம்" என்று அனுமதி கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. அவர் இடத்தில் உடனே வந்து நிற்கப்போகும் ஆள் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். காரணம் கேட்காமல் வந்து நிற்பவராக அவர் இருக்க வேண்டும். கழிவறைக்கு உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி, நாப்கின் இருக்கட்டும். நாப்கின் இளவயதினருக்கு மட்டும்தான் தேவை என்ற நினைப்பில், மூத்த அதிகாரிகள் இருக்கும் மாடியில் மட்டும் வைக்காமல் விட்ட அலுவலகங்களும் உண்டு.

3. லீவு விதிகளைப் படியுங்கள்

இது சலிப்பான வேலை, ஆனால் தாண்டிப் போகாதீர்கள். பல நிறுவனங்கள் விடுப்பைப் பிராட்ஃபோர்டு குறியீடு என்ற கணக்கில் மதிப்பிடுகின்றன. எத்தனை தடவை லீவு எடுத்தார் என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களால் மறுபடி பெருக்குவார்கள். புள்ளி கூடினால் எச்சரிக்கை வரும். ஒரே மூச்சில் 10 நாள் லீவு எடுத்தவருக்கு 1 × 1 × 10, அதாவது 10 புள்ளி. அதே 10 நாளை ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை எடுத்தவருக்கு 10 × 10 × 10, அதாவது 1000 புள்ளி. தூங்காத இரவுக்கு மறுநாள், ரத்தப்போக்கு அதிகமான ஒரு நாள் என்று பெரிமெனோபாஸ் லீவுகள் பெரும்பாலும் ஒற்றை நாட்களாகச் சிதறித்தான் வரும். வேலைக்கு மட்டம் போடுகிறவரைப் பிடிக்கப் போட்ட வலையில் முதலில் சிக்குகிறவர், எப்படியாவது மறுநாளே வேலைக்குத் திரும்பிவிடுகிற இந்தப் பெண்தான்.

தீர்வு எளிது. மெனோபாஸ் தொடர்பான விடுப்பைத் தனிக் குறியீட்டில் பதிந்து, எச்சரிக்கைக் கணக்கில் சேர்க்காமல் விடச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேளுங்கள். அந்தக் குறியீடு குழுவில் எல்லார் கண்ணிலும் படும் காலண்டரில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லீவு எடுத்தால் அன்றைய கூலி போகும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. அவர்களுக்கு ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதியும், பாதி நாள் வேலையும் கொடுத்தால்தான் பயன்.

4. அப்புறம், பேச்சு

பேச்சு இரண்டு விதமாக வரும். ஊழியரே வந்து சொல்வது ஒன்று. வேலையில் ஏதோ மாற்றம் தெரிந்து நீங்கள் தொடங்குவது இன்னொன்று.

அவரே வந்தால் முக்கால்வாசி வேலை காதுகொடுத்துக் கேட்பதுதான். மற்றவர் காதில் விழாத இடம், அவசரமில்லாத நேரம். "என் அம்மாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டாங்க", "என் மனைவி ஒரு மாத்திரை எடுத்தாங்க, சரியாயிடுச்சு" போன்றவை நல்ல மனத்தோடுதான் வரும், ஆனாலும் வேண்டாம். ஹார்மோன் சிகிச்சை பலருக்கு நன்றாகவே பலன் தருகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. உங்கள் எதிரில் இருப்பவரின் மருத்துவக் கதை உங்களுக்குத் தெரியாது. இப்படிக் கேளுங்கள்: "சொன்னதுக்கு நன்றி மேடம். வேலையில எந்த நேரம், எந்த இடம் ரொம்பக் கஷ்டமா இருக்கு? அதுல எதை மாத்தினா உதவியா இருக்கும்?" உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை, ஒரு வாரம் கழித்து மறுபடி உட்காரலாம் என்று தேதி சொல்லுங்கள்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். "களைப்பாத் தெரியறீங்களே" என்று தோற்றத்தைத் தொடாதீர்கள். "மெனோபாஸா?" என்று கேட்கவே கூடாது. "கடந்த மூணு வாரமா ரிப்போர்ட் ஒரு நாள் தள்ளி வருது. நீங்க எப்பவும் அப்படி இல்ல. நாங்க ஏதாவது மாத்திக் கொடுக்கணுமா?" என்பதில் உண்மையும் இருக்கிறது, அவர் விரும்பினால் காரணத்தைச் சொல்லவும், விரும்பாவிட்டால் சொல்லாமல் இருக்கவும் இடமும் இருக்கிறது. காரணத்தைச் சொல்லாமல் ஒரு மாற்றம் மட்டும் கேட்டால், கொடுக்க முடிகிறதைக் கொடுத்துவிடுங்கள். ஃபேனுக்கும் இருக்கை மாற்றத்துக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்கும் அலுவலகத்தில் இரண்டாவது முறை யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

ஆண் மேலாளர்கள் இந்தப் பேச்சைக் கண்டு பயந்து பெண் சக ஊழியர் ஒருவரிடம் தள்ளிவிடுவதைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால் அவர் ரகசியம் இரண்டு பேருக்குத் தெரிந்ததுதான் மிச்சம். கூச்சமாக இருந்தால் "இதைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது, ஆனா வேலையைச் சரிபண்றது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். ஆனாலும் நேர் மேலாளரிடம் பேசவே விரும்பாத ஊழியர் இருப்பார். அவருக்காக வேறு ஒருவரின் பெயரையும் முன்பே அறிவித்து வையுங்கள்.

பேசியதில் யாருக்கு என்ன தெரியலாம் என்பதை அங்கேயே அவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். "ஹெச்.ஆருக்கு மாற்றம் மட்டும் போகும், காரணம் போகாது" என்பது போலத் தெளிவாக.

5. மாற்றங்களை எழுதிக்கொள்ளுங்கள்

பெரிய பட்டியல் தேவையில்லை. எந்தத் தொந்தரவு எந்த வேலையில் மோதுகிறது என்று பார்த்தால் விடை தானாக வரும்.

தூக்கம்தான் சிக்கல் என்றால் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கட்டும், சில மாதங்களுக்கு இரவு ஷிஃப்ட் வேண்டாம். நினைவுத் தடுமாற்றம் என்றால் வாய்மொழியாகச் சொல்வதை இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள், திடீரென்று "இப்ப எல்லாருக்கும் விளக்கிச் சொல்லுங்க" என்று மீட்டிங்கில் நிறுத்தாதீர்கள், கவனம் தேவைப்படும் வேலையை அவருக்குத் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். இந்தத் தடுமாற்றம் பொதுவாக மறதி நோயின் தொடக்கம் இல்லை, பெரும்பாலும் காலப்போக்கில் சரியாகிறது. வெப்ப அலைக்கு ஜன்னலோர இருக்கை, வீடியோ மீட்டிங்கில் கேமராவை அணைக்கும் சுதந்திரம். ரத்தப்போக்குக்குக் கழிவறைக்குப் பக்கத்தில் இடம், நீண்ட கூட்டங்களின் நடுவே எல்லாருக்குமான ஓர் இடைவேளை, முடிந்தால் அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை. மூட்டு வலிக்கு நாற்காலியும் பளு தூக்கும் வேலையும் மாற வேண்டும்.

ஒப்புக்கொண்டதை அரைப் பக்கத்தில் எழுதி, இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அதில் இருக்கத் தேவையில்லை. நீங்கள் நாளைக்கு வேறு துறைக்கு மாறிப்போனால், புதிதாக வருபவரிடம் அவர் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. மறுபார்வைக்கு மூன்று மாதம் நல்ல இடைவெளி. ஹார்மோன் சிகிச்சை தொடங்கியிருந்தால் அதன் முழுப் பலன் தெரியவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் பிடிக்கும்.

உதவி என்ற பெயரில் நடக்கும் ஒரு அநியாயத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். "பாவம், அவங்களுக்கு ஏன் சிரமம்" என்று முக்கியமான வாடிக்கையாளரை வேறொருவரிடம் கொடுப்பது, வெளியூர்ப் பயணத்துக்குக் கேட்காமலேயே பெயரை எடுப்பது, பதவி உயர்வு நேர்காணலுக்கு "இப்ப வேண்டாம்" என்று முடிவெடுப்பது. இருபது ஆண்டு உழைத்து மேல்நிலைப் பொறுப்புகள் கைக்கு வரும் வயது இது. வேலை செய்யும் விதத்தை மாற்றிக் கொடுங்கள், வேலையைப் பிடுங்காதீர்கள். எதையாவது குறைக்க வேண்டும் என்று அவரே கேட்டால் குறையுங்கள், அதையும் தேதி போட்டு, திரும்பப் பெறும் வழியோடு.

வேலைத்திறன் உண்மையிலேயே குறைந்திருந்தால்? கண்டும் காணாமல் விடுவதும் நியாயமில்லை. முதலில் மாற்றங்களைச் செய்து, அவை வேலை செய்யக் காலம் கொடுத்து, அதற்குப் பிறகும் சிக்கல் நீடித்தால் மற்ற எல்லாருக்கும் உள்ள அதே நடைமுறை. அந்த வரிசையைத் தலைகீழாக்காமல் இருந்தால் போதும்.

6. குழுவும் கேலியும்

ஒருவர் முகத்தைத் துடைக்கும்போது "என்ன, உள்ளேயே அடுப்பு எரியுதா" என்று சிரிப்பது, கோபமாகப் பேசிவிட்டால் "வயசு அப்படி" என்று கண்ணடிப்பது. கேலிக்கு ஆளானவரே பெரும்பாலும் சேர்ந்து சிரித்துவிடுவார், அதனால் புகார் வராது. நீங்கள் அங்கே இருந்தால் நீட்டி முழக்காமல் "அது வேணாம், வேலையப் பாப்போம்" என்று சொன்னால் போதும். இரண்டாவது முறை நடந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினால் எல்லாரையும் அழையுங்கள். பெண்களை மட்டும், அதுவும் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் அழைத்தால் அது அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டியது மாதிரி. அக்டோபர் 18 உலக மெனோபாஸ் தினம், கூட்டத்துக்கு அது ஒரு சாக்கு.

7. சட்டமும் எழுத்துபூர்வக் கொள்கையும்

நாட்டுக்கு நாடு நிலைமை வேறு. பிரிட்டனில் மெனோபாஸ் அறிகுறிகள் நீண்ட காலம், கணிசமாக அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் 2010 சமத்துவச் சட்டத்தின் கீழ் மாற்றுத்திறனாளி நிலையாகக் கருதப்படலாம், அப்போது நியாயமான மாற்றங்களைச் செய்வது முதலாளியின் சட்டக் கடமை என்று அந்நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2024இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023இல் பிஎஸ் 30416 என்ற பிரிட்டிஷ் தர ஆவணம் வந்தது. மாதவிடாய், மெனோபாஸ் இரண்டையும் பணியிடப் பார்வையில் ஒன்றாகப் பேசும் அதை உங்கள் கொள்கைக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் மெனோபாஸ் என்ற பெயரில் சட்டம் இல்லாவிட்டாலும் பாலினம், வயது, உடல்நலம், பணியிடப் பாதுகாப்பு பற்றிய விதிகள் எப்படிப் பொருந்தும் என்று ஹெச்.ஆரிடமோ வழக்கறிஞரிடமோ ஒருமுறை கேட்டு வையுங்கள். கொள்கை எழுதினால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். யாரிடம் போவது, என்னென்ன கேட்கலாம், ரகசியம் எப்படிக் காக்கப்படும், மறுத்தால் அடுத்து எங்கே போவது. வேறு எதற்காகவும் யாரும் அதைத் திறக்கப்போவதில்லை.

8. மருத்துவ உதவி உடனே தேவைப்படும்போது

நெஞ்சு வலி, மயக்கம், ஒரு மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து நனையும் ரத்தப்போக்கு, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு ஆகியவற்றை "மெனோபாஸ்தானே" என்று ஒதுக்காமல் அவசர உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு மறுபடி ரத்தம் வந்ததாக ஊழியர் உங்களிடம் சொன்னால், மருத்துவரைப் பார்ப்பதற்கு அன்றோ மறுநாளோ நேரம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும், ஆனாலும் பரிசோதிக்காமல் விடக்கூடாத அறிகுறி அது.

9. ஆறு மாதம் கழித்து

யாரும் வந்து பேசவில்லை என்பதை வைத்து இங்கே பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அலமாரியில் வைத்த ஃபேன்கள் காணாமல் போயிருக்கின்றனவா, கூடுதல் யூனிஃபார்ம் செட் எத்தனை வாங்கப்பட்டது, மாற்று ஆள் ஏற்பாடு உண்மையில் நடக்கிறதா என்று பாருங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் நடக்கும் பேச்சில், உடல்நலத்துக்காக எதையாவது மாற்றியிருந்தால் இருந்திருப்பீர்களா என்ற கேள்வியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் நீங்கள் எழுதிவைத்த அந்தத் தொடர்பு நபர் இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறாரா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.